தென்மேற்கு மூலை

“செயற்கைக்கோளே விளைச்சலைச் சொல்லிவிடும்போது கயிறும் தராசும் எதற்கு?” பள்ளிப்பட்டில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் படித்த இளைஞர் ஒருவர் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். புள்ளியியல் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தப் பதில்.

பயிர்க் காப்பீட்டில் 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சல் கணக்கில் 30 சதவீதப் பங்கைத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இருக்கட்டும். மீதி 70 எங்கிருந்து வருகிறது? மேலிருந்து தெரியும் பச்சை எத்தனை கிலோ நெல் என்று அந்தச் செயற்கைக்கோளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? கழனியில் இறங்கி 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்ட பயிர் அறுவடைச் சோதனைக் கணக்குதான் அதற்கும் பாடம்.

சொர்ணவாரிப் பட்டமோ நவரைப் பட்டமோ, கிராமமும் நில அளவை எண்ணும் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடும். அடங்கல் பதிவேட்டைப் பார்த்து, அந்த எண்ணில் நெல் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போவோம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரப்பில் போய் நின்ற பிறகு நடப்பதுதான் வெளியில் தெரியாது.

கழனியின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தையும் அகலத்தையும் அளப்போம். சதுரத்துக்கு வேண்டிய இடத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குள் விழும்படி அட்டவணையிலிருந்து நீளவாக்கில் ஓர் எண், அகலவாக்கில் ஓர் எண் எடுப்போம். அவை சந்திக்கும் இடத்தில் முதல் முளை. மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வராவிட்டால் கயிறு கோணியிருக்கிறது. அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும்.

சில சமயம் எண் விழுந்த இடத்தில் பயிர் சாய்ந்து கிடக்கும், எலி வெட்டியிருக்கும். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர், “சார், இது ஒரு பயிரா? நாலடி தள்ளிக் கட்டுங்க” என்பார். நல்ல இடத்தில் விழுந்தாலோ கழனிக்காரர், “வாய்க்கா ஓரம் மட்டும்தான் சார் இப்படி. உள்ள வந்து பாருங்க, பாதி பதரு” என்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. அதனால்தான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கக் கூடாது. கருகிய இடத்தில் எண் விழுந்தால் கருகியதை அறுக்க வேண்டும்; ஒன்றும் தேறாவிட்டால் சுழியம் என்று எழுத வேண்டும். 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். இன்றும் பல வீடுகளில் பேச்சு தெலுங்குதான். வரப்பில் உட்கார்ந்து இந்த விதியைத் தெலுங்கிலேயே விளக்குவேன். கழனிக்காரர் கோபம் பாதிதான் தணியும். கயிறு நகராது.

25 சதுர மீட்டர் எடையை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் விளைச்சல். 100 கிராம் தவறு 40 கிலோவாகும். ஒரு கிராமத்துக்கு 4 சோதனைதான் என்று வையுங்கள். அதில் ஒன்றில் 2 கிலோ கூடிவிட்டால் கிராமத்தின் சராசரியே ஹெக்டேருக்கு 200 கிலோ ஏறும். இழப்பீடு கிடைக்க வேண்டிய கிராமத்துக்கு அந்த 200 கிலோவால் கிடைக்காமல் போகலாம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மூத்த ஆய்வாளருக்கு எண்களைவிடக் கயிற்றின் மேல்தான் கவலை. கயிறு ஒரு தூரின் நடுவே போகும்போது அந்தத் தூர் உள்ளேயா வெளியேயா? அடி பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் உள்ளே. விதி ஒரு வரிதான். ஆனால் கதிர் கனத்து உள்பக்கம் சாய்ந்திருந்தால் அறுக்கிறவர் கை தானாக அதைச் சேர்த்துக்கொள்ளும். “கதிரைப் பாக்காதே, அடியைப் பாரு” என்று எங்களைச் சேற்றில் மண்டியிட வைப்பார். அறுத்து முடித்த பிறகும் கயிற்றை எடுக்க விடமாட்டார். நான்கு பக்கமும் நடந்து, வெட்டிய தாளைக் குனிந்து பார்ப்பார். சந்தேகமான இடத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்து எங்களையே பார்க்கச் சொல்வார். வெயில் ஏறும், கூலியாட்கள் முணுமுணுப்பார்கள், அவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

அவர் பிடிவாதத்துக்கு வரலாறு உண்டு. 1940களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் பாசனக் கோதுமையை வெவ்வேறு அளவுத் துண்டுகளில் வெட்டிப் பார்த்தார். 2 அடி ஆர வட்டத்தில் விளைச்சல் 40 சதவீதத்துக்கு மேல் கூடிக் காட்டியது. துண்டு சிறிதாகச் சிறிதாகப் பரப்புக்கு ஓரம் அதிகம். ஓரத்துப் பயிரெல்லாம் உள்ளே வந்துவிடும். இன்னொரு புள்ளியியலாளரான மகலனோபிஸ் வங்காளத்தில் சிறிய வெட்டுகளையே விரும்பினார். நல்ல பயிற்சி பெற்ற ஆள் போதும் என்பது அவர் கட்சி. இருவரும் மேதைகள். சேற்றில் நின்றவன் என்ற முறையில் நான் சுகாத்மே பக்கம்.

இப்போது கைப்பேசிச் செயலி நாம் எந்தக் கழனியில் நின்றோம் என்பதைப் பதிவுசெய்கிறது. நல்லதுதான். ஆனால் பைக்கை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் சதுரம் கட்டிவிட்டு அப்புறம் எண்ணை எழுதிக்கொண்டால் அதைச் செயலி எப்படிப் பிடிக்கும்?

எங்கள் பொதட்டூர்பேட்டை விசைத்தறி ஊர். இங்கே ஆய்வுக்கு வரும் மாணவர்கள் செய்வதும், வசதியான இடத்தில் கயிறு கட்டும் இதே வேலைதான். தறிச் சத்தத்தால் காது மந்தமாகிறதா என்று கேட்டு வருகிறார்கள். அருமையான கேள்வி. ஆனால் பகலில் தறி ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். காது போய்த் தறியை விட்டவர் அந்தக் கொட்டகையில் எப்படி இருப்பார்? இரவு ஷிப்டுக்காரர் வீட்டில் தூங்குகிறார். அதே வயதில் தறிப் பக்கமே போகாத ஒருவரைச் சோதிக்காமல், வயதின் மந்தம் எது, தறியின் மந்தம் எது என்று எப்படிப் பிரிப்பது?

வார்டு வார்டாக வீட்டுப் பட்டியல் எடுங்கள், எப்போதாவது தறி ஓட்டியவர் எல்லோரையும் சேருங்கள், அதிலிருந்து எண் போட்டு எடுங்கள், வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் மாலையில் திரும்பி வாருங்கள் என்று சொல்கிறேன். “சார், ரெண்டு வாரத்துல சமர்ப்பிக்கணும்” என்கிறார்கள். பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வழிகாட்டிப் பேராசிரியர்கள் மேல்தான் வருத்தம்.