காலில்லாத குருவி

எங்கள் வீட்டுப் பட்சி சாஸ்திரம் மிகவும் சுருக்கமானது. காக்கையைவிடப் பெரியதெல்லாம் கழுகு. காக்கையைவிடச் சிறியதெல்லாம் குருவி. அவ்வளவுதான். இந்தச் சாஸ்திரத்தை நான் பூரணமாகக் கற்றுத் தேர்ந்தபோது எனக்கு வயது 10. அதன் பலனாக ஒரு ஜீவனைக் கொன்றேன்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, முற்றத்தில் ஒரு கரிய குருவி கிடந்தது. தொண்டையில் வெள்ளை, வாலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை, அரிவாள்போல் வளைந்த நீண்ட சிறகுகள். காயம் ஒன்றும் தெரியவில்லை. குருவி என்றால் மரத்தில்தானே உட்காரவேண்டும்? கொல்லைக் கொய்யா மரத்தின் கிளையில் கொண்டுபோய் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் விழுந்தது. "கெட்டியாய்ப் பிடித்துக்கொள்ளேன்!" என்று அதட்டினேன். எத்தனை தடவை வைத்தேனோ, கணக்கில்லை. நெல்லைக் கொட்டினேன், தொடவில்லை. சாயங்காலத்துக்குள் அது செத்துப்போயிற்று.

ஐம்பது வருஷங்களுக்கு மேல் சென்ற பிறகு, போன ஐப்பசியில் அதே முற்றத்தில் அதே மாதிரி ஒரு பட்சி விழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி அதைக் கையில் எடுத்தாள். அவள் கல்லூரியில் பிராணி நூல் படிக்கிறவள். நான் பழக்க தோஷத்தினால் கொய்யா மரத்தைக் காட்டினேன்.

"ஐயையோ, தாத்தா! இதைக் கிளையில் வைத்துவிடாதேயுங்கள். இது குருவியே அல்ல, உழவாரன். காலைப் பாருங்கள்" என்றாள்.

பார்த்தேன். கால் என்று சொல்ல அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. வயிற்று இறகுக்குள் புதைந்து, கூரிய நகங்களுடன் நான்கு விரல்கள். நான்கையும் முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கோயில் மண்டபச் சுவரில் ஒட்டிக்கொள்ளத்தான் அவை உதவும். கிளையைச் சுற்றிப் பிடிக்க உதவா. உண்பது பறக்கும் பூச்சிகளை. கூட்டுக்கு வேண்டிய இறகுகளைப் பொறுக்குவதும் ஆகாயத்திலேயே. அவற்றை ஒட்டும் பசை அதன் எச்சில். ஐரோப்பாவிலுள்ள இதன் உறவுப் பட்சி ஒன்று, பத்து மாதம் வரையில் தரையிறங்காமலே பறக்கிறதென்று 2016-ல் ஸ்வீடன் தேசத்தார் கண்டறிந்தார்களாம். இந்த வரிசைக்குச் சாஸ்திரக்காரர்கள் இட்ட பெயருக்கே 'காலில்லாதவை' என்று பொருள்.

அன்று திண்ணையில் எனக்குப் பாடம் நடந்தது. குருவி, மைனா, தகைவிலான் முதலியவற்றுக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. காலை மடக்கி உட்கார்ந்ததும் நரம்புகள் இழுத்து விரல்கள் தாமாகவே இறுகிவிடும்; அதனால்தான் தூங்கும்போதும் விழுவதில்லை. உலகத்துச் சுமார் 11,000 பறவை இனங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரிசை! மரங்கொத்திக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கும் இடையே சவ்வு. கூழைக்கடாவுக்கு நான்கையும் சேர்த்துச் சவ்வு.

இதில் ஒரு வேடிக்கை. காக்கை குருவியின் வரிசையைச் சேர்ந்தது. அதிலும் 'பாடும் பறவைகள்' என்ற கிளைக்குலத்தைச் சேர்ந்ததாம். குயிலோ அந்த வரிசையிலேயே இல்லை. அதற்குத் தனி வரிசை. சங்கீத வித்வான்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

"அப்படியானால் காலைப் பார்த்தே குலத்தைச் சொல்லிவிடலாம்?" என்றேன்.

"அதுவும் ஏமாற்றும், தாத்தா. கிளிக்கும் மரங்கொத்தியைப் போலவே விரல்கள்; ஆனால் வரிசை வேறு. வல்லூறைப் பருந்துக்கு உறவென்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது, அதற்குப் பருந்தைக் காட்டிலும் கிளியும் குருவியுமே நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது" என்றாள்.

பட்சிகளை 6 வரிசைகளாக வகுத்த லின்னேயஸே 1758-ல் உழவாரனைத் தகைவிலானோடு சேர்த்துவிட்டாராம். அதன் கிட்டிய சொந்தமோ அமெரிக்காவில் தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு. லின்னேயஸே தவறியிருக்கிறார் என்று கேட்டதும் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. ஆனால் அவர் அதைக் கொய்யா மரத்தில் வைக்கவில்லை.

ஈரம் உலரும் வரையில் அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம். பிறகு மொட்டை மாடிக்குப் போனோம். பேத்தி அதைத் தூக்கி எறியவில்லை. விரித்த உள்ளங்கையில் வைத்துக் கையை உயர்த்தி நின்றாள். வெகுநேரம் அது அசையவேயில்லை. பின்பு சிறகுகள் நடுங்கின. நழுவி விழுந்தது. ஓட்டுக் கூரைமட்டும் தாழ்ந்து போயிற்று. என் மார்பு திக்கென்றது. அடுத்த கணம் கூரையை உரசினாற்போல் மேலே எழும்பி, கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் கலந்துவிட்டது. எது நம்முடையது என்று பிறகு தெரியவில்லை.

"இதற்கு முன்னே உழவாரனைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா, தாத்தா?" என்று கேட்டாள்.

"ஒன்று பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.