உள்ளும் வெளியும்

இயந்திரம் பிறர்க்குரியது, சொல்லே எமக்குரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு சிறு பந்தய வண்டி.

எம் இளமைத் தோழர் ஒருவர் பொறியியல் பயில்பவர். மாணவர் தாமே அமைத்த ஒற்றையிருக்கை வண்டிகளுக்கென்று 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்னும் போட்டி தோன்றிற்று. அதன் வழிவந்த ஃபார்முலா பாரத் என்னும் போட்டி கோயம்புத்தூரையடுத்த செட்டிபாளையத்தில், காரி ஓட்டக்களத்தில் நடந்திருக்கின்றது. அப்போட்டிக்கென வண்டியமைத்த குழுவில் தோழர் சஸ்பென்ஷன் பகுதியை ஏற்றிருந்தார். விடுமுறையில் அளவுகளைக் குறித்துக்கொள்ள எம்மை அழைத்தார். "எழுத்து வேலைதானே, உமக்கா வராது?" என்றார்.

சஸ்பென்ஷன் என்பது ஏறியிருப்பார் உடல் குலுங்காமைப் பொருட்டென்றே கருதியிருந்தோம். தோழர் நகைத்தார். பந்தய வண்டியில் அது டயரைத் தரையினின்றும் பிரியாது காப்பதற்காம். டயர் தரையைத் தொடுமிடம் ஏறக்குறைய உள்ளங்கையளவே. விரைவதும் நிற்பதும் திரும்புவதும் அந்நான்கு உள்ளங்கைகளாலேயே. ஸ்பிரிங் மிக விறைப்பாயின் மேடு கண்டவிடத்துச் சக்கரம் எகிறித் தரையை விடும். மிகத் தளர்வாயின் வளைவில் வண்டி சாயும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது டேம்பர். சாரதி அமர்ந்த நிலையில் சக்கரம் மேலும் கீழுமாக 50 மில்லிமீட்டரேனும் அசைதல் வேண்டுமென்பது போட்டி விதி.

அவ்வசைவிலே ஓர் இடருண்டு. சக்கரத்தைத் தாங்கும் கைகளும், அதனைத் திருப்பும் டை ராடும் ஒன்றோடொன்று இசைந்து இயங்காவாயின், சாரதி ஸ்டியரிங்கை அசைக்காதபோதும், மேலெழும் சக்கரம் தானே உட்புறமோ வெளிப்புறமோ திரும்பும். டை ராடின் நுனியில் வாஷர்களை மாற்றியிட்டு அதன் உயரத்தைத் திருத்தின் இக்குற்றம் நீங்கும். இதற்காக ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை 5 மில்லிமீட்டர் தோறும் உயர்த்தி, திரும்பிய அளவைத் தோழர் கூற, யாம் எழுதினோம்.

வலச் சக்கரத்துக்கு 'உள்' என்று எழுதினோம். இடச் சக்கரத்துக்கும் அவர் 'உள்' என்றே கூறினார். யாமோ 'வெளி' என்றெழுதிவிட்டோம். இரண்டும் மாறுபட்டமை கண்ட தோழர், வெல்டிங்கில் நேர்ந்த கோணலென்று கருதி, குறிப்பின்படியே வாஷர்களை மாட்டினார். வலப்பக்கத்துக் குற்றம் நீங்கிற்று, இடப்பக்கத்தது பெருகிற்று.

மறுநாள் வெள்ளோட்டம். பிரேக்கை அழுத்தியவுடன் வண்டியின் முகம் தாழ்ந்தது. இடச் சக்கரம் உட்புறம் திரும்பிற்று. வண்டி வலப்புறம் வெட்டிச் சுழன்று, அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதிற்று. சாரதிக்கு ஊறில்லை. தாங்குகை ஒன்று வளைந்துபோயிற்று. குழுவினர் அனைவரும் தோழரையே கடிந்தனர். அவர் மறுமொழி கூறாது தலைகவிழ்ந்து நின்றார்.

அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்தோம். பிழை எமதென்று கண்டோம். எவரும் அறியார், ஏடோ எம் கையில். ஒரு சொல்லை அடித்தெழுதினால் ஒழிந்தது. ஆயினும் உறக்கம் வரவில்லை.

விடிந்ததும் குழுவினர் முன்னிலையில் உண்மையை உரைத்தோம். சிலர் சினந்தனர். தோழர் மட்டும் நெடுமூச்செறிந்து, "அப்படியாயின் என் கணக்குத் தவறவில்லை" என்றார். பின்னர் அவ்வேட்டை எம்மிடமே நீட்டி, "இனி யான் சொன்னதை நீர் திரும்பச் சொல்லும், அதன்பின் எழுதும்" என்றார்.

புதிய கை பொருத்தி மீண்டும் அளந்தோம். ஒவ்வோர் அளவையும் உரக்கத் திருப்பிச் சொன்னோம். அம்முறை பிரேக்கிட்டபோது வண்டி நூல் பிடித்தாற்போல் நேரே நின்றது.

எழுத்தொன்று மாறினும் பொருள் மாறும் என்று வகுப்பறையில் பன்முறை படித்திருக்கின்றோம். அப்பாடம் எமக்கு விளங்கியது அந்தப் பட்டறையிலேதான்.