தங்கமணியோடு தங்க ஊருக்கு

 

மே மாசம் நாகர்கோவில் வெக்கை தாங்காம தங்கமணி, பையன், அப்பா சகிதம் நீலகிரிக்குக் கிளம்பினோம். கோவை வரை ரயில், அப்புறம் இ-பாஸ் எடுத்து கார். ஊசிமலையில் காத்து ஆளையே தூக்குது. கூடலூரில் கோடை விழாவுக்காக வாசனை திரவியக் கண்காட்சி. பையன் வாயைப் பொளந்துக்கிட்டு சுத்தினான். அப்பா மட்டும் ஒரு கிராம்பை எடுத்து மோந்து பார்த்துட்டு, "நம்ம மாறாமலை கிராம்புக்கு வராது மக்கா"ன்னு கீழே வச்சிட்டார். புவிசார் குறியீடு வாங்கின ஊர்க்காரன் திமிர் :-)

மறுநாள் நாடுகாணி வழியா தேவாலா.

"அங்க நிஜமாவே தங்கம் கெடைக்குமா?" தங்கமணிக்கு திடீர் உற்சாகம். (பேர்லயே இருக்கு, இன்னும் எதுக்கும்மா?)

கிடைச்சது. பணியர்களும் குறும்பர்களும் ரொம்ப காலமாவே ஓடை மண்ணை அரிச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டிருந்தாங்க. வெள்ளைக்காரன் வந்ததும் கதை மாறிப் போச்சு. 1870களில் காப்பித் தோட்டங்களில் பூச்சியும் இலைநோயும் புகுந்து, தோட்டக்காரர்கள் நொந்து போயிருந்த நேரம். 1879-ல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்கிற சுரங்க நிபுணரை வரவழைக்க, அவரும் இங்கே தங்கம் இருக்குன்னு நம்பிக்கையா எழுதிட்டார். அவ்வளவுதான். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைச்சு, பங்குகள் பறந்தன. செத்துக்கிட்டிருந்த காப்பித் தோட்டமெல்லாம் தங்க வயல்னு அநியாய விலைக்குக் கைமாறிச்சு. தேவாலா, பந்தலூர் காட்டுக்குள்ள இயந்திரங்கள், பங்களாக்கள். காய்ச்சலில் செத்தவங்களும் உண்டு. ஆனா பாறையை உடைச்சு அரைச்சா செலவுக்குக் கூட தங்கம் தேறல. சில வருஷத்துல கடையைக் கட்டிட்டாங்க. கிட்டத்தட்ட அதே சமயம் ஆரம்பிச்ச கோலார் மட்டும் 2001 வரைக்கும் ஓடிச்சு.

இப்போ எங்கே பார்த்தாலும் தேயிலை. டிரைவர் தம்பியோட தாத்தா, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையிலிருந்து வந்து தேயிலைக் கழகத்துல வேலைக்குச் சேர்ந்தவராம். பையன் டிரெக்கிங் போகணும்னு ஒத்தைக் காலில் நின்னான். தம்பி முடியவே முடியாதுன்னுட்டார்.

"பாதையை விட்டு எறங்காதீங்க சார். பழைய குழியெல்லாம் புதர் மூடிக் கெடக்கு. இப்பவும் ராத்திரில திருட்டுத்தனமா தோண்டுறவங்க இருக்காங்க. மண்ணு சரிஞ்சு செத்தும் போயிருக்காங்க."

டிரெக்கிங் டீக்கடையோட முடிஞ்சுது. நான் அப்பாகிட்ட லண்டன் கதையை கைய ஆட்டி ஆட்டி சொல்லிட்டிருந்தேன். கேட்டு முடிச்சதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அதுல பைசா போட்டவனுவளுக்கு என்ன கெடச்சு?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. 90களில் அப்பா பத்து மரக்கால் விதைப்பாடு வயலை வித்து, 24 சதவீத வட்டின்னு சொன்ன ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். ஒருநாள் காலைல போனா பூட்டு தொங்குது. அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினா. காலேஜ் படிச்சிட்டிருந்த நானும் ஒருநாள் மூஞ்சிக்கு நேரா "பேராசை"ன்னு சொல்லிட்டேன். அப்பா அன்னைக்கு பதிலே சொல்லல. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது.

"ஒண்ணும் கெடைக்கலப்பா"ன்னேன்.

டீயை ரெண்டு வாய் குடிச்சார். "பேராச இல்ல மக்கா. ரெண்டு பூவு வயல்ல ஒண்ணும் மிஞ்சல. ஒனக்க பீஸு கெட்டணும். மாசாமாசம் வட்டி வரும்னானுவ. அதாக்கும் போட்டேன்."

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் தலையைக் குனிஞ்சு பிஸ்கட்டைத் தொட்டுட்டிருந்தேன். தங்கமணி என் முதுகுல லேசா தட்டினா.

பையன் ரோட்டோரம் கிடந்த ஒரு மினுமினு கல்லைத் தூக்கிட்டு ஓடி வந்தான். "தாத்தா, தங்கம்!"

அப்பா வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செரி, பத்திரமா வச்சுக்கோ. பைனான்ஸுல மட்டும் போட்டுராத."

டிஸ்கி: போறவங்க மே மாசத்தோட போயிட்டு வந்துடுங்க. ஜூன் பிறந்தா தேவாலாவில் மழை கொட்டித் தீர்த்துடும். குடையெல்லாம் சும்மா பேருக்குத்தான்.