சரிவில் பழகுவோர்க்கு

கற்க வருபவரின் கையில் முதன்முதலாக எந்தக் கருவியைக் கொடுப்பது என்னும் கேள்வி பார்வைக்குச் சிறியது. கொல்லன் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் இசையாசிரியர் இல்லத்திலும் நாள்தோறும் எழுவதுதான். இருப்பதில் நல்லதைக் கொடு என்று மூத்தோர் எளிதாக விடை கூறிவிடுவர். யாருக்கு நல்லது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கைதேர்ந்தவருக்குத் துணையாகும் கருவி, பழகுபவருக்குப் பகையாக முடிவதுண்டு. அவர் கருவியோடு நிற்கும் இடம் மலைச்சரிவாகவும் இருந்துவிட்டால், அளவில் நேரும் பிழையை உடல்தான் சுமக்கவேண்டும். இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது தேயிலை மலை.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் உயர்ந்து நிற்கிறது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்குப் போ தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்துத் தோன்றிய தோட்டங்களில் காடு திருத்தியதிலும் கன்று நட்டதிலும் கொழுந்து கொய்ததிலும் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. தானா ராத்தா நகரமே கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூடுபனி விலகுமுன்னே ஈரச் சரிவில் ஏறி, மாலை வரை சாய்ந்த நிலத்திலேயே நிற்பது கொழுந்து பறிப்போரின் வாழ்க்கை. அத்தகைய ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன் நான்.

கொழுந்து எடையற்றது போலத் தோன்றும். ஒரு மொட்டும் இரண்டு இலையும் உள்ளங்கையில் கிடந்தால் கிடப்பதே தெரியாது. ஆயினும் ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் நிறுவையிடத்திற்கு வந்தாகவேண்டும். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுவார். அளவு மிகுந்தால் அதற்கும் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. அக்குறளுக்கு உரை தேடி நான் அலைந்ததில்லை. கொழுந்துக் கூடையே போதுமான உரையாக இருந்தது.

என் தாயார் மலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே பெரிய கூடையைச் சுமந்தவர். எடைக்கு ஏற்பக் கூலி. பெரிய கூடையில் மிகுதியாகக் கொள்ளும். ஆகவே பெரிய கூடையே நல்லது என்று அன்றைய தண்டல் ஒருவர் கணக்கிட்டு, அதை அவர் தலையில் மாட்டிவிட்டார். வயது பதினெட்டு. சரிவில் காலூன்றி நிற்கவே பழகாத பெண். நிறைந்த கூடை பின்னோக்கி இழுக்க, விழாதிருக்கக் கழுத்தை முன்னோக்கி நீட்டியே பறித்தார். ஓராண்டில் கழுத்து ஒரு பக்கமாக இறுகிற்று. பின்னர் யாரேனும் இடப்புறமிருந்து அழைத்தால், அம்மா முழு உடலையும் திருப்பித்தான் பார்ப்பார். குழந்தையாயிருந்தபோது அது அம்மாவின் வழக்கம் என்றே எண்ணியிருந்தேன். அது ஒரு கூடையின் அளவு என்பதைப் பின்னர்தான் அத்தை எனக்குச் சொன்னார்.

அதைக் கண்டு வருந்திய அத்தை, புதிதாக வரும் பெண்களுக்குக் கூடை தெரிந்து கொடுப்பதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். அந்தப் பொறுப்பை அவருக்கு யாரும் அளிக்கவில்லை. அதற்குக் கூலியும் இல்லை. வந்தவரை மேட்டு நிலத்தில் நிற்கச் சொல்வார். வெறுங்கூடையை முதுகில் வைத்துப் பார்ப்பார். அடிப்பகுதி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கினால் ஏறும்போது தொடையில் இடிக்கும், அது வேண்டாம். விளிம்பு தோளுக்குமேல் உயர்ந்தால் பின்புறம் வீசும் கொழுந்து உள்ளே விழாது, அதுவும் வேண்டாம். பழகாத கைக்குக் குறி தவறும் என்பதால், உயரம் குறைந்து வாய் அகன்ற கூடையே முதற்கூடை. தலையில் படும் பட்டையின் கீழே துணியை நான்காக மடித்து வைப்பார். இடுப்பில் சுற்றிய படங்கு கணுக்காலுக்கு மேலே நிற்கிறதா என்றும் குனிந்து பார்ப்பார். நீண்ட படங்கு இறக்கத்தில் காலைத் தடுக்கிவிடும்.

சமவெளியின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து மணமாகி வந்த ஒரு பெண், சிறிய கூடையை வாங்க மறுத்தது நினைவிருக்கிறது. மற்றவர் நகைப்பரே என்பது அவள் கவலை. "பெரிய கூடையால கூலி பெருகாது தாயி. நிரம்பாத கூடையை நிரப்பணும்னு முத்தின இலையையும் சேர்த்துப் பறிப்பே. அமுக்கி அமுக்கித் திணிப்பே. இலை சூடேறிச் சிவந்து போகும். நிறுவையில கழிச்சிடுவாங்க" என்றார் அத்தை. இதில் பொருள் நிறைந்திருந்தது. அழுத்தப்பட்ட கொழுந்து கசங்கிக் கூடைக்குள்ளேயே வெதும்பத் தொடங்கும்; தூளின் தரம் அங்கேயே கெடும். சிறு கூடை விரைவில் நிறையும், அடிக்கடி கொண்டுபோய்க் கொட்டவேண்டும், நடை மிகுதி. ஆயினும் அந்த நடையிலேதான் பழகாத கால் சரிவை அறிந்துகொள்கிறது. சில மாதங்கள் கழிந்தபின், அவள் கேட்காமலே பெரிய கூடை ஒன்றை அத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

காலம் மாறிற்று. கைக்கொய்தலின் இடத்தில், இலை விழும் பெட்டி பொருத்திய கத்தரி வந்தது. நீண்ட அலகு ஒரே வீச்சில் மிகுதியாக வெட்டும் என்பது உண்மையே. எனினும் பழகாதவர் கையில் அது தாழ்ந்து, முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்தே வெட்டிவிடும். செடியின் மேற்பரப்பும் மேடுபள்ளமாகும். அதன்பின் இருவர் தூக்கும் இயந்திரம் வந்தது. நிரையின் இருபுறமும் இருவர் பிடித்து நடக்க, இடையே செடியின் முகம் சீராக வெட்டுப்படும். இங்கே அளவு இன்னும் நுட்பமாயிற்று. இருவரின் உயரமும் நடையும் ஒத்துவரவேண்டும். ஒருவர் நெடியவராகவும் மற்றவர் குறியவராகவும் இருப்பின் வெட்டு சாய்ந்துவிடும். இன்று இத்தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் உழைக்கின்றனர். மொழி மாறினும், புதியவருக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் ஒரு கண் அவர்களுக்கும் வேண்டியதே.

இவ்வுண்மை தேயிலைச் சரிவுக்கு மட்டும் உரியதன்று. மேற்படிப்புக்காகக் கனடா சென்ற என் பழைய மாணவி ஒருத்தி, பனிச்சறுக்குப் பழகத் தொடங்கியதைப் பற்றி எனக்கு எழுதியிருந்தாள். காலில் பூட்டிக்கொள்ளும் சறுக்குக் கட்டை எத்தனை நீளம் இருக்கவேண்டும் என்பதே அங்கு முதற்கேள்வியாம். நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே நிற்பதுதான் தொடக்கநிலையினருக்குப் பொதுவாகக் கூறப்படும் அளவு. உடலின் எடையையும் கருதவேண்டும். எடை மிகுந்தவருக்குச் சற்று நீளமும் உறுதியும் கூடும். நீண்ட கட்டை விரைவில் அசையாது நிற்கும். ஆனால் எளிதில் திரும்பாது. குறுகியது சொன்னபடி திரும்பும்; விரைவு மிகுந்தால் நடுங்கும். பழகுபவருக்கு முதலில் வேண்டுவது விரைவன்று, திரும்பவும் நிற்கவும் வல்ல திறனே.

மேடுகளும் தண்டவாளங்களும் அமைத்துத் தாவி விளையாடும் சறுக்குப் பூங்காவுக்கெனத் தனிக் கட்டைகளும் உண்டு. பின்னோக்கியும் சறுக்குவதற்காக அவற்றின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும். வளைந்த பகுதி பனியைத் தொடாதாகையால், எழுதப்பட்ட நீளத்தைவிடக் குறுகியது போலவே அவை காலுக்குத் தோன்றும். எனவே மூக்குக்குச் சற்று மேலே நிற்பதையும் கொள்ளலாம். புதியவருக்கு வளைந்துகொடுக்கும் மென்மையான கட்டையே ஏற்றது. விறைப்பானது சிறு பிழையையும் பொறுக்காது.

முன்னாளில் கையை மேலே உயர்த்தினால் மணிக்கட்டைத் தொடும் நீளமே நல்லது என்று கருதினர். 1960-களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்னும் பயிற்சியாளர், மிகக் குறுகிய கட்டையில் தொடங்கி, திறன் வளர வளர நீளத்தைக் கூட்டும் முறையைப் பரப்பினார். அதைப் படித்தபோது எனக்கு அத்தையின் கூடை வரிசைதான் கண்முன் நின்றது. 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் மலேசியா முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றது. பனிச்சறுக்கிலும் நம் வீரர் ஒருவர் இறங்கினார். பனியே பெய்யாத நாட்டுக்கும் இக்கேள்வி அயலானது அன்று என்பதற்கு அது சான்றாகும்.

ஆசிரியப் பணியில் இருப்போர் இதை நம் வகுப்பறைக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் அமரும் குழந்தையும் ஒரு சரிவில்தான் நிற்கிறது. மொழிப்பற்று மிகுந்த நாம், இருப்பதில் சிறந்ததைக் கொடுக்கிறோம் என்னும் பெருமிதத்தில், கடுஞ்சொற்களும் நீண்ட தொடர்களும் நிறைந்த பாடத்தை அதன் முதுகில் ஏற்றிவிடக்கூடும். அது பின்னோக்கி இழுக்கும். குழந்தை விழாதிருக்க மனப்பாடத்தைப் பற்றிக்கொள்ளும். சில ஆண்டுகளில் தமிழ் என்றாலே ஒரு பக்கம் திரும்பமுடியாத இறுக்கம் தோன்றிவிடும். அவ்வாறு மொழியைவிட்டு விலகியவர்களை நாம் சோம்பேறிகள் என்கிறோம். கூடையின் அளவை யாரும் கேட்பதில்லை.

அதற்காக எளியதையே என்றும் கொடுத்துக்கொண்டிருப்பதும் கடமையாகாது. வளர்ந்த தோளில் சிறு கூடை கிடந்தால் உழைப்பு வீணாகும். வளர்ந்த மாணவனிடம் எளிய பாடமே நீடித்தால் ஆர்வம் மங்கும். முதல்நாள் அளந்து கொடுக்கும் கண் எவ்வளவு தேவையோ, மாற்றித் தரவேண்டிய நாளை அறியும் கண்ணும் அவ்வளவு தேவை. இவ்விரண்டும் எந்த அளவுகோலிலும் எழுதப்பட்டிருப்பவை அல்ல. கற்பவரை எதிரே நிறுத்தி, ஒவ்வொருவராகப் பொறுமையோடு பார்ப்பவருக்கே அவை புலப்படும். அந்தப் பொறுமையை விடாது காப்பதே ஆசிரியரின் அறமாகும்.