மண்வழி

ஆரணி என்றதும் பட்டுச்சேலையை நினையாதார் இலர். கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த அவ்வூரில், விடியற்காலையில் தெருவழியே நடப்பவர் செவியில் முதலில் விழுவது தறியின் ஓசையே. தெருக்கோடியில் நின்று மேற்கே நோக்கினால், வானும் மண்ணும் கூடும் இடத்தில் நீலக்கோடு இழுத்தாற்போலச் சவ்வாது மலை தோன்றும். அம்மலையில் பிறந்தே நாகநதி ஊரை நோக்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி நீராக வாராமல் மணலாகவே வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்த நீலக்கோட்டைப் பார்த்தே வளர்ந்தான். போளூர் வழியாகச் சமுனாமரத்தூருக்குத் தார்ச்சாலை உண்டு, பேருந்தும் உண்டு. அவன் மனம் பேருந்தில் செல்லவில்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்திற்கு அப்பால், சாமை வயல்களின் ஓரமாக மலைச் சிற்றூர்களுக்குச் செல்லும் வண்டித்தடங்களில் சென்றது. அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத இடத்திற்குச் செல்ல விரும்புவதும் இளமையின் இயல்பு அல்லவா? மூன்று ஆண்டுக் கூலியில் மிச்சம் பிடித்து, ஒருவர் ஓட்டிப் பழகிய ‘ஹிமாலயன்’ மோட்டார் சைக்கிள் ஒன்றை அவன் வாங்கினான்.

இவ்வகை வண்டியை இளைஞர் ‘அட்வெஞ்சர் பைக்’ என வழங்குவர். நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடவும், சாலை முடிந்த இடத்தில் மண்ணிலும் கல்லிலும் ஏறவும் ஏற்றவாறு அமைந்தது இது. 1980-இல் செருமானிய நாட்டு பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘ஆர் 80 ஜி/எஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டது. அப்பெயரின் ஈற்றெழுத்து இரண்டும் செருமானிய மொழியில் காட்டுநிலத்தையும் சாலையையும் குறிப்பன. பெரிய எஞ்சின் கொண்ட வண்டி சாலைக்கே உரியது என்ற எண்ணத்தை மாற்றியது அவ்வண்டியே. தமிழ்நாட்டிற்கும் இத்துறையில் பங்கு உண்டு. 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகி வந்தது. அந்த நிறுவனமே 2016-இல் ஹிமாலயனை வெளியிட்டது. அதன் எஞ்சின் 411 கன சென்டிமீட்டர். 2023-இல் வந்த புதிய வண்டியில் அது 452 ஆயிற்று. கல்லையும் குழியையும் எளிதில் கடக்கும் பொருட்டு முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். புதிய வண்டியின் எடை 196 கிலோகிராம். இந்த எடை என்னும் சொல்லை மறவாமல் வைத்துக்கொள்ளுதல் நலம். இளைஞன் மறந்தது அதையே.

சாலையில் ஐந்தாண்டு சிறு வண்டி ஓட்டிய அவன், மண்ணில் ஓட்டத் தனியே கற்க வேண்டும் என்று எண்ணவில்லை. சித்திரை மாதத்து மாலை ஒன்றில், ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரிக்குள் துணையின்றி வண்டியை இறக்கினான். காய்ந்த வண்டல் வெடித்திருந்தது. வெடிப்பிற்கு அப்பால் ஒரு மணல் திட்டு. முன்சக்கரம் மணலைத் தொட்டதும் இடமும் வலமும் ஆடியது. அவன் அஞ்சிக் கைப்பிடியை இறுகப் பற்றி முன் பிரேக்கை அழுத்தினான். மறுகணம் வண்டி இடப்புறம் சாய்ந்தது. கணுக்கால் அதன் அடியில் சிக்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்து வண்டியை நிமிர்த்தும்வரை அவன் அங்கேயே கிடந்தான்.

எலும்பு முறியவில்லை; சுளுக்கு மட்டுமே. ஆனால் நெசவாளனுக்குக் கால்கள் அல்லவா முதல்! குழித்தறியில் அமர்பவன் கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாறிமாறி மிதித்தால்தான் பாவின் இழைகள் மேலும் கீழும் பிரியும். பிரிந்த இடைவெளியில்தான் நாடா ஓடும். கால் ஓய்ந்தால் தறி ஓயும். அப்போது தறியில் இருந்ததோ வைகாசித் திருமணத்திற்கு உரிய சேலை. நாள் குறித்துவிட்டார்கள். கண் மங்கித் தறியிலிருந்து எழுந்துவிட்ட தந்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் குழிக்குள் இறங்கினார். பன்னிரண்டு நாள் அவரே நெய்தார். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிய அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. திண்ணையில் காலை நீட்டிக் கிடந்த மகன் அந்த ஓசையையும், அந்த ஓசை நின்று நின்று தொடர்வதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சேலை உரிய நாளில் முடிந்தது. தந்தை சினந்து பேசவில்லை. “வண்டியை விற்றுவிடு என்று நான் சொல்லவில்லையப்பா. தறியில் உன்னை உட்கார வைப்பதற்கு முன் எத்தனை மாதம் நூல் சுற்ற வைத்தேன், நினைவிருக்கிறதா? இதற்கும் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்” என்று மட்டும் கூறினார்.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் படைக்குப் பிள்ளைகளை அனுப்பாத சிற்றூர்கள் குறைவு. அத்தகைய ஊர் ஒன்றில், படையில் தூதோலை சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். பனியிலும் மணலிலும் புல்லட் ஓட்டியவர். இளைஞன் சென்று வணங்கி நின்றபோது, அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எஞ்சினை முடுக்கச் சொல்லாமல், “இதைக் கீழே படுக்க வை, தம்பி” என்றார்.

முதற்பாடம் விழுந்த வண்டியை எடுப்பது. முன்னே நின்று இரு கைகளாலும் தூக்க முயன்றான் இளைஞன். முதுகு நொந்ததே மிச்சம். முதியவர் காட்டிய முறை வேறு. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும்; சக்கரம் உருளாதபடி கியரில் இட வேண்டும். வலப்புறம் விழுந்திருந்தால், நிமிர்ந்த வண்டி மறுபுறம் சாய்ந்துவிடாதபடி பக்கத் தாங்கியை முன்னரே விரித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையின் விளிம்பில் இடுப்பைப் பொருத்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்சட்டத்தையும் பற்றி, கால்களால் தரையை உந்திச் சிற்றடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குவது கை அன்று, கால். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள அவன், தன்னைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள வண்டியை அன்று எட்டு முறை எடுத்தான். “விழாமல் இருக்க இன்னும் உனக்குக் கற்றுத் தரவில்லை. ஆனால் இனி விழுந்த இடத்திலேயே கிடக்கமாட்டாய்” என்றார் முதியவர்.

இரண்டாம் பாடம் மெதுவாக ஓட்டுவது. இஃது எளிதென்று எண்ணுவோர் செய்து பார்த்தவர் அல்லர். விரைந்து ஓடும் வண்டி பெரிதும் தானே நிமிர்ந்து நிற்கும். நடைவேகத்தில் ஊரும் வண்டியை ஓட்டுபவனே நிமிர்த்தி வைக்க வேண்டும். கிளச்சை முழுதும் விடாமல், முழுதும் பிடிக்காமல், இடைநிலையில் வைத்து, பின் பிரேக்கைச் சிறிது மிதித்தபடி, தென்னந்தோப்பின் மரங்களுக்கிடையே எட்டுப்போல் வளைந்து வளைந்து செல்லச் செய்தார். திரும்பும் பக்கம் வண்டியைச் சாய்த்து, உடலை மறுபுறம் நிறுத்த வேண்டும். ஒரு கிழமை முழுதும் இதுவே. மாட்டுவண்டிகள் அவனை முந்திச் சென்றன. சிறுவர் சிரித்தனர்.

மூன்றாவது, நின்றுகொண்டு ஓட்டுவது. கரடுமுரடான தரையில் அமர்ந்து ஓட்டினால், வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகெலும்பில் ஏறும். உடலும் வண்டியும் ஒன்றாகத் தூக்கியெறியப்படும். கால்தாங்கியின்மீது நின்று, முழங்கால்களைத் தளர மடித்து, தொடைகளால் பெட்ரோல் தொட்டியை மெல்ல அணைத்துக்கொண்டால், வண்டி அடியில் தன் போக்கில் ஆடும். மேலே இருப்பவன் ஆடான். வண்டிக்கு இரண்டு வில் இருப்பதுபோல ஓட்டுபவனுக்கும் இரண்டு வில் உண்டு. அவை அவன் கால்கள். இடக்காலை அழுத்தினால் வண்டி இடப்புறம் செல்லும். வலக்காலை அழுத்தினால் வலப்புறம் செல்லும்.

இங்கேதான் முதியவர் வியந்தார். பிறர் பல நாள் தடுமாறும் இப்பாடம் அவனுக்கு இரண்டு மாலையில் வந்துவிட்டது. மிதியை மிதித்துப் பழகிய கால்கள், எந்தக் கால் எப்போது எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதைக் கண் பாராமலே அறிந்திருந்தன. கைகளுக்கோ அந்தப் பாடம் வரவில்லை. அவன் கைப்பிடியை நெரித்தே பிடித்தான். “தறியில் பண்ணையை இப்படித்தான் அடிப்பாயா?” என்று ஒருநாள் கேட்டார் அவர். இளைஞன் சிறிது நேரம் விடை கூறவில்லை. பட்டில் ஓங்கி அடித்தால் இழை அறும் என்பது அவன் பத்து வயதில் கற்றது. அன்றுமுதல் பிடி தளர்ந்தது. மணலில் முன்சக்கரம் ஆடும், ஆடவே செய்யும். அதை அடக்க முயலாமல், உடலைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டு, ஆக்சிலேட்டரைச் சீராகத் திறந்து வைத்தால் அஃது ஆடிக்கொண்டே நேரே போகும். ஏரி மணலில் அவனை வீழ்த்தியது மணல் அன்று. அவனுடைய பிடியும் முன் பிரேக்குமே.

கண்ணுக்கும் ஒரு பாடம் இருந்தது. கல்லைப் பார்த்துக்கொண்டே செல்பவன் கல்லின்மேல்தான் ஏறுவான். கண் எங்கோ வண்டியும் அங்கே. ஆதலால் கல்லைக் கண்டதும் பார்வையை அதிலிருந்து எடுத்து, அதன் அருகே உள்ள வழியில் தொலைவாகச் செலுத்த வேண்டும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இதனைச் செய்வது எத்தனை கடினம் என்பதைக் கல்லே அறியும். இவையன்றி டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தல், சாலைக்குத் திரும்பும்போது மறவாமல் நிரப்புதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் அமைப்பைப் பின்சக்கரத்திற்கு மட்டும் அணைத்தல் முதலிய சிறு செய்திகளும் உண்டு.

உலகறிந்த ஓட்டுநர்களும் இந்த அரிச்சுவடியைக் கற்றவர்களே. 1978 டிசம்பரில் பாரிசு நகரிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகரம் நோக்கித் தொடங்கிய நெடும்போட்டி, இன்று சவுதி அரேபியப் பாலைவனத்தில் நடைபெறுகிறது. 2011 முதல் அதில் 450 கன சென்டிமீட்டருக்கு மிகாத மோட்டார் சைக்கிள்களுக்கே இடம். பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் 2015-இல் அப்போட்டியை முழுதும் ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார்; அவர் பெற்ற இடம் 36. அவரே 2021-இல் அப்பாலைவனத்தில் விழுந்து தலையில் பெருங்காயம் உற்றார். தேர்ந்தவரையும் மண் விட்டுவைப்பதில்லை. கேரளத்துச் சோரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ் நிறுவனத்தின் அணியில் ஓட்டி, 2024-இல் அதே போட்டியில் பதினோராம் இடம் பெற்றார். தம் பிரிவில் முதல்வராகவும் வந்தார். முதியவர் இப்பெயர்களை அறிந்திருக்கவில்லை. இளைஞன் சொல்லக் கேட்டு, “விழுந்தபின் எழுந்தாரா?” என்று மட்டும் வினவினார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இருவரும் இரு வண்டிகளில் மலைக்குப் புறப்பட்டனர். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த காலணியும் அணியாமல் முதியவர் அவனை அழைத்துச் செல்ல இசையவில்லை. கியர் வண்டிக்கு உரிமம் பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே உண்டு என்று கூறி, உடன்வர விரும்பிய பக்கத்து வீட்டுச் சிறுவனை நிறுத்திவிட்டார். சவ்வாது மலையில் பெரும்பரப்பு காப்புக்காடு. அதற்குள் இசைவின்றி நுழைதல் குற்றம். ஆகவே மக்கள் நடந்தும் வண்டி ஓட்டியும் வரும் தடங்களையே அவர்கள் பற்றிச் சென்றனர். வயலோரத்தில் மக்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி வழிவிட்டனர். பெரிய வண்டியின் டயர் ஈரத்தடத்தில் வாய்க்கால்போல் பள்ளம் பறிக்கும். மறுநாள் அப்பள்ளத்தில் தலைச்சுமையோடு கால் வைக்க வேண்டியவர் மலைமக்கள். முதியவர் இதில் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

மூன்றாம் சிற்றூருக்கு அப்பால் செங்குத்தான ஏற்றம் ஒன்று வந்தது. முன்னிரவு பெய்த மழையில் செம்மண் குழைந்திருந்தது. இளைஞன் உடலை முன்னே சாய்த்து ஏறினான். பாதி வழியில் எஞ்சின் நின்றது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். கியரில் நின்றதால் வண்டி வழுக்கவில்லை. மேலே இன்னும் இருபது அடி. கீழே முதியவர் ஒன்றும் கூறாமல் நின்றார். இளைஞன் மேலே ஒருமுறை பார்த்தான். தன் கால்களை ஒருமுறை பார்த்தான். பிறகு இறங்கி நின்று, கிளச்சைச் சிறிது சிறிதாகப் பிடித்து, வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு விட்டுத் திருப்பிக் கீழே கொண்டுவந்தான். அரைமணி நேரம் ஆயிற்று. “இன்று இவ்வளவு போதும், ஐயா” என்றான்.

“நான் கற்றுத் தராததையும் கற்றுக்கொண்டாய்” என்றார் முதியவர். இருவரும் அருகிருந்த புளியமரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தனர்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி ஆரணித் தெருவில் நுழைந்தது. வாயிலில் நின்ற தந்தை, செம்மண் அப்பிய வண்டியைப் பாராமல், மகன் இறங்கி நடந்துவரும் நடையைப் பார்த்தார். இரு கால்களும் சரியாக ஊன்றின. “கை கால் கழுவிக்கொண்டு வா. புதுப்பாவு ஏற்ற வேண்டும்” என்று கூறி உள்ளே சென்றார்.