கிணற்றடிப் புகையிலை

புகையிலை விதையை முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் அதை விதை என்று நம்பமாட்டார்கள். காப்பித்தூள் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி, அவ்வளவுதான். ஒரு கிராம் எடுத்தால் 10,000 விதைக்கு மேல் இருக்கும். வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் என் அத்தை வருஷா வருஷம் கிணற்றடியில் ஏழெட்டுச் செடி போடுகிறார். விற்க அல்ல, தன் வெற்றிலைக்கு. எல்லாம் வீட்டு விதை. இந்த விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "யாழ்ப்பாணத்துலேருந்து தோணியில வந்துச்சுன்னு மாமியா சொல்லுவாங்க தம்பி" என்றார்.

நம்பக்கூடிய பதில்தான். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே தோணிகள் போய்வந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்கு அந்தக் காலத்திலேயே பெரிய பெயர். டச்சுக்காரர் ஆண்ட நாளில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு அது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அது எப்படி வந்தது?

பழைய நூல்களைப் புரட்டினேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாள். அங்கே பாக்கு உண்டு, புகையிலை கிடையாது. புகையிலைக்கென்றே ஒரு நூல் பிறந்தது வெகுகாலம் கழித்து. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்பிப் பாடியிருக்கிறார், உ.வே.சா. அதைப் பதிப்பித்தார். அதில் ஒரு பிறப்புக் கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்குள் வழக்கு. வழக்கைத் தீர்ப்பவர்கள் ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள். சிவனின் வில்வம் கங்கையோடு போகிறது, திருமாலின் துளசி பாற்கடலோடு போகிறது. பிரமன் தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்து வைத்ததால் அது மட்டும் தப்புகிறது. அதுதான் புகையிலை. வந்தேறிச் செடி ஒன்றைத் தமிழ்ப் புலவர் ஒருவர் வில்வத்துக்கும் துளசிக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது.

செடியின் உடம்புக்குள் இருப்பது வேறு கதை. தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைச் சரிவில், 24 குரோமோசோம் கொண்ட இரண்டு காட்டு இனங்கள் கலந்து 48 குரோமோசோமோடு உருவானதுதான் இன்றைய புகையிலை. 1492இல் கொலம்பஸுக்கு அவர் இறங்கிய தீவின் மக்கள் கொடுத்த பொருள்களில் அதன் காய்ந்த இலையும் இருந்தது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1604 வாக்கில் ஆசாத் பேக் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு எடுத்துப்போனார்; 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டும் பயனில்லை. நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658 வரை போர்ச்சுக்கீசியர் கையில்தான் இருந்தன. இரண்டு கரைக்கும் விதை ஒரே கையால் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மடியில் முடிந்த ஒரு முடிச்சு போதும், ஓர் ஊருக்கே நாற்று விடலாம்.

இத்தோடு தேடல் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அத்தை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்கக் கேள்வி மாறிக்கொண்டே போயிற்று. விதையைச் சாம்பலோடு கலந்து மேலாகத் தூவுகிறார். மண் போட்டு மூடுவதில்லை. வெளிச்சம் பட்டால்தான் அது நன்றாக முளைக்கும். பூவாளியால் பட்டும் படாமலும் தண்ணீர். ஒன்றரை மாதத்தில் நாற்றைப் பிடுங்கி நடுகிறார். மொட்டு எட்டிப் பார்த்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார். இலைக்கணுவில் கிளம்பும் சிம்புகளையும் வாரம் தவறாமல் ஒடிப்பார். விரலெல்லாம் பிசின் ஏறிக் கறுத்துவிடும். "கிள்ளலேன்னா காரம் ஏறாது" என்பார்.

அவர் சொல்வது சரி. நிகோடின் உருவாவது இலையில் இல்லை, வேரில். 1940களில் புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள். தக்காளி இலையில் நிகோடின் ஏறியது. தக்காளி வேரில் ஒட்டிய புகையிலையிலோ அது இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்துவிட்டது. நுனியைக் கிள்ளினால் வேர் கூடுதலாகச் சுரக்கும். இலை தடித்து, மடக்கினால் படக்கென்று ஒடியும் பதத்தில் அறுவடை. அதுவும் பனி காய்ந்த பிறகுதான். ஈர இலையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நிகோடின் தோல் வழியே இறங்கித் தலை சுற்றும், குமட்டும். இவ்வளவு வீரியமுள்ள பொருளை அவர் தினமும் வாயில் அடக்கிக்கொள்வது எனக்குப் பயம்தான். வாய்ப் புற்றுநோய்க்கு வீட்டில் விளைந்தது, கடையில் வாங்கியது என்ற பேதம் கிடையாது. சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எல்லாச் செடியையும் கிள்ளுகிறவர் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார். கடைசிவரை தேமல் விழாமல் நிமிர்ந்து நிற்கிற செடி அது. இளஞ்சிவப்பாகப் பூத்துக் காய் முற்றியதும் அறுத்துத் துணியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார். புகையிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி. அதனால் தாயின் குணம் அப்படியே விதைக்கு வரும். அத்தைக்கு முன் அவர் மாமியார், அவருக்கு முன் அவர் அம்மா என்று ஒவ்வொருவரும் ஏழெட்டில் ஒன்றைப் பொறுக்கியிருக்கிறார்கள். இந்த உவர்க் கிணற்றுத் தண்ணீருக்குத் தாங்கும் செடியாக இதை ஆக்கியது அவர்கள் கண்தான். ஆண்டிஸில் தொடங்கிப் போர்ச்சுக்கீசியர் வரை எழுதியிருந்த என் குறிப்பேட்டில், அதற்குக் கீழே இந்த மூன்று பெண்களின் பெயரையும் எழுதிக்கொண்டேன். நான்காவதாக, மாமியாரின் பாட்டி பெயரை அத்தை விசாரித்துச் சொல்வதாக இருக்கிறார்.