ராமிஸில் கணக்கு இடிக்குதா?

கட்டைபறிச்சான் உறவுகளே, 2024/2025 வருமான வரி அறிக்கைக்கு 2025 நவம்பர் 30 கடைசித் திகதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. எங்களிடம் வருகிற ஆசிரியர்கள் "ராமிஸ் பிழை காட்டுது" என்றுதான் தொடங்குவார்கள். பார்த்தால், போட்ட தொகைதான் பிழை.

இது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான கணக்கு. ஜனவரியிலிருந்து சம்பளத்துண்டைக் கூட்டினால் எப்படிப் பொருந்தும்? ரி-10 பத்திரத்தில் உள்ளதையே போடுங்கள்.

பெரிய சிக்கல் நிலையான வைப்பு வட்டி. வட்டி 100,000 என்றால் வங்கி 5 சதவீதம் வெட்டி 95,000 தான் புத்தகத்தில் விழும். அதை வருமானமாகப் போடாதீர்கள். வருமானம் 100,000, கட்டிய வரி 5,000. வங்கியில் வரிக்கழிவுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற சேர்மாரே, மிஸ்மாரே, உங்களுக்குத்தான் இது முக்கியம். அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. மற்ற வருமானம் 12 இலட்சத்துக்குள் என்றால் அந்த 5,000 உங்கள் காசு. அறிக்கை போட்டால்தான் திருப்பிக் கேட்கலாம். "எனக்கு வரியே இல்லையே" என்று விட்டவர்கள்தான் நிறைய.

2025 ஏப்ரலிலிருந்து வெட்டு 10 சதவீதம், எல்லை 18 இலட்சம். அதற்குள் உள்ளவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள்.

பின் நம்பரை மட்டும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க. நேரில் வாங்க, நீங்களே டைப் பண்ணலாம்.